மெரூன் துண்டும் 55 இன்ச் டிவியும்

எங்கள் வீட்டில் டிவியைப் பார்க்கிறவர்களைவிடக் கேட்கிறவர்கள் அதிகம். முன்கட்டில் பவர் மெஷின்கள் வரிசையாகப் போட்டிருக்கும், சுவரோரம் ஓவர்லாக். கண் ஊசியில், கால் பெடலில், காது டிவியில். குரல் ஏறினாலோ பாட்டு மாறினாலோதான் தலை நிமிரும். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வீடுகள் பலவற்றிலும் இதே கதைதான். செட்டியார்பட்டி, முகவூர், சேத்தூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இந்தத் தொழில் பரவிக் கிடக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கம் என்றால் ராஜபாளையத்து நாயும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும்தான். எங்களுக்கு அது பீஸ் ரேட்டும் பண்டலும்.

2025 தீபாவளிக்கு முன்னால் அந்த முன்கட்டுக்குப் பெரிய டிவி ஒன்று வாங்குவது என்று முடிவானது. முடிவு செய்தது மதினி. தொழிலை நடத்துவது அவர், காசும் அவருடையது. நான் மதுரையில் வேலை பார்க்கிறவன்; படம் பார்க்கிற பைத்தியம் கொஞ்சம் உண்டு என்பதால் ஆலோசகராக அழைக்கப்பட்டேன்.

அந்த வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி ஜிஎஸ்டி மாறியது. அதுவரை 32 இன்ச் வரையிலான டிவிக்கு 18 சதவீதம், அதற்கு மேலே போனால் 28. இனி எல்லாவற்றுக்கும் 18 என்று ஆனது. எங்கள் தெருவில் இத்தனை வீடுகளில் சரியாக 32 இன்ச்சிலேயே டிவி நின்றுபோனதற்கு இந்த வரிக்கோடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அண்ணன், "பத்து சதவீதம் குறைச்சிருக்கான், அம்பதாயிரம் டிவி நாப்பத்தஞ்சுக்கு வரணும்" என்றார். மதினி சிரித்துவிட்டு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வரியோடு 50,000 என்றால் வரியில்லாமல் 39,062. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 46,100க்கு ஆறு ரூபாய் குறைவு. "குறையுறது நாலாயிரத்துக்குள்ளதான். கடையில போயி அஞ்சாயிரம்னு பேசிராதீங்க, சிரிப்பான்." மாசாமாசம் ஜிஎஸ்டி கட்டுகிறவரிடம் யார் வாதாடுவது?

எந்த டிவி என்பதில் ஆளுக்கொரு கட்சி. அண்ணன் மகளுக்குக் கிரிக்கெட். அம்மாவுக்குக் கறுப்பு வெள்ளைப் படங்கள். எனக்கு இரவுக் காட்சிகள் நிறைந்த புதுப் படங்கள். தைக்க வருகிறவர்களுக்கு மதியம் முழுக்க சீரியல். அண்ணனுக்கு 65 இன்ச். காரணம் கேட்டால் பக்கத்துத் தெருவில் ஒருத்தர் வீட்டில் 65 இன்ச் இருக்கிறது என்பார். இத்தனை பேருக்கும் ஒரே பெட்டி. இந்த ஊரில் டிவி எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது, ஒரு பெட்டிக்கு ஒரு கூட்டம்.

நான் முதலில் டிவி பார்த்தது பஞ்சாயத்து டிவி ரூமில். கம்பிச் சன்னல் வைத்த சின்ன அறை, உயரத்தில் மரப்பெட்டி, அதற்குள் பூட்டி வைத்த கறுப்பு வெள்ளை டிவி. சாவி வைத்திருந்த தாத்தாவுக்கு ஊரில் தனி மரியாதை. எங்கள் தெற்குச் சீமையில் ஆன்டெனாவுக்கு இரண்டு திசை உண்டு. வடக்கே பார்த்தால் கொடைக்கானல். தென்கிழக்கே திருப்பினால், வானம் ஒத்துழைத்தால், இலங்கையின் ரூபவாஹினி. திருப்புவதற்கு மாடியில் ஒருத்தன், "வருதா" என்று கேட்க நடுவில் ஒருத்தன், "போச்சு, போச்சு, பழைய இடத்துக்கே வா" என்று கத்துவதற்குக் கீழே பத்துப் பேர்.

1987 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. உலகக் கோப்பையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேப்பாக்கத்தில் ஆடிய ஆட்டம். பள்ளிக்கூடத்துக்குப் போகாத பையன்கள் எல்லாம் அந்த அறையில்தான் இருந்தோம். அந்தப் பெட்டியில் பந்து தெரியாது. ஆட்கள் ஓடுகிற திசையை வைத்துப் பந்து இருக்கும் இடத்தை ஊகித்துக்கொள்வோம். டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த பந்து ஒன்று கயிற்றுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பது எங்களுக்குத் தெரியாமல் போனதில் அதிசயமில்லை, மைதானத்திலேயே குழப்பம். நடுவர் நான்கு என்றார். ஆஸ்திரேலியா 268. இடைவேளையில் அவர்களுடைய மேனேஜர் முறையிட, கபில்தேவ் ஒத்துக்கொள்ள, நான்கு ஆறாகி 270 ஆனது. கடைசி ஓவரில் ஒரு பந்து மிச்சமிருக்க மணீந்தர் சிங் போல்டு. இந்தியா 269. ஒரே ஒரு ரன். கபிலைத் திட்டியவர்களும் மெச்சியவர்களும் அன்று மாலை டீக்கடை பெஞ்சில் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

அன்று வெள்ளி என்பதால் ராத்திரி ஒளியும் ஒலியும். தோற்ற துக்கத்தில் நாங்கள் தரையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை, வேலை முடித்து வந்த பெண்களுக்கு உள்ளே இடம் இல்லை. இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டோம் என்பது வேறு விஷயம். நேர் எதிரே பையன்கள், பின்னால் ஆண்கள், பக்கவாட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்கள். அதுதான் நடைமுறை, யாரும் எழுதி வைக்காத சட்டம். அம்மா எல்லா வெள்ளியும் அந்தச் சன்னலில்தான் நின்றாள். கழுத்தைத் திருப்பி நிற்க வேண்டியிருந்ததே தவிர, படம் அங்கேயும் படமாகத்தான் தெரிந்தது. பழைய பிக்சர் டியூபின் குணம் அது. கண்ணாடியின் உள்பக்கம் பூசிய பாஸ்பர், எலக்ட்ரான் வந்து மோதியதும் தானே ஒளிர்ந்து எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை ஒரே மாதிரி வீசும். நேரே இருப்பவன், ஓரத்தில் நிற்பவள் என்று அதற்குப் பாகுபாடு தெரியாது.

அதற்குப் பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கோயில் பொங்கலுக்குக் கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். தெருவில் பாய் விரித்து இரண்டு பக்கமும் உட்காருவோம். பிறகு வீட்டுக்கே ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி வந்தது. 2006 தேர்தல் வாக்குறுதியில் வந்த இலவச 14 இன்ச் கலர் டிவி எங்கள் ரேஷன் கார்டுக்கும் கிடைத்தது. அதை அண்ணன் முன்கட்டில் ஸ்லாப் மேல் வைத்தார். தையல்காரர்கள் டிவி கேட்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். 2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை, சம்பள நாள். சம்பளக் கவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. குலசேகரா பந்தைத் தோனி சிக்சருக்குத் தூக்கியபோது அந்த 14 இன்ச்சைச் சுற்றி முன்கட்டின் மூன்று சுவரோரமும் ஆட்கள். அப்போதும் ஓரத்தில் இருந்தவர்கள் யாரும் குறை சொன்னதாக நினைவில்லை.

குறை வந்தது தட்டையான டிவி வந்த பிறகு. 32 இன்ச் எல்இடி. அம்மாவின் இடம் ஓவர்லாக் மெஷின் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, தரையில். கொஞ்ச நாளில் அவள், "ஏய்யா, எனக்குக் கண்ணுல புரை விழுந்துட்டுன்னு நெனைக்கேன். சிவாஜி மொகமெல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருக்கு" என்றாள். கண்ணாஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்து அவள் இடத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து நிறம் எல்லாம் வெளுத்துப் போயிருந்தது. எழுந்து நேரே போய் நின்றால் பளிச்சென்று இருந்தது. நடுச் சோபாவில் உட்காருகிற அண்ணனுக்கு இத்தனை வருஷம் எந்தக் குறையும் தெரியாததில் ஆச்சரியமில்லை.

எல்சிடி என்பது தானே ஒளிராது. எல்இடி டிவி என்று விற்பதும் எல்சிடிதான். பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் எல்இடி. க்யூஎல்இடி என்பதும் அதே வம்சம், நடுவே நிறத்தைச் சுத்தமாக்குகிற ஒரு படலம் கூடுதல். பின்விளக்கின் வெளிச்சத்தைத் திரவப் படிகங்கள் திறந்தும் மூடியும் விடுகின்றன. அந்தப் படிகங்களை அடுக்குவதில் பெரும்பாலும் இரண்டு வழி. விஏ என்பதில் அவை கண்ணாடிக்குச் செங்குத்தாக நின்று வெளிச்சத்தை நன்றாக அடைக்கும். கறுப்பு கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் போனால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் என்பதில் அவை கண்ணாடிக்கு இணையாகப் படுத்த நிலையிலேயே திரும்பும். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும், ஆனால் கறுப்பு முழுக் கறுப்பாகாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் ஐபிஎஸ்சில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. விஏவில் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். பெட்டியின் மேல் இதை யாரும் அச்சடிப்பதில்லை. ஒரே மாடலிலேயே 50 இன்ச்சில் ஒரு வகை, 55 இன்ச்சில் இன்னொரு வகை வருவதும் உண்டு.

ராஜபாளையத்தில் தென்காசி சாலையில் ஒரு கடைக்குப் போனோம். சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் கிளி பறக்கிறது, தேன் வழிகிறது, பனிமலை மேல் வெயில் அடிக்கிறது. எந்தத் தமிழ் வீட்டில் இதைப் பார்க்கிறார்கள்? கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒவ்வொன்றாகக் காட்டி, "இது 4கே, இதுவும் 4கே, அது க்யூஎல்இடி அண்ணே" என்றான். எல்லாமே மனிதன் நிற்கிற கண் உயரத்தில். எல்லாமே வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, நீலம் பாய்ந்த வெள்ளையில். பத்து டிவிக்கு நடுவே தன் டிவிதான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியும் நினைப்பதால் வருகிற வினை.

நான் 'கைதி' போடச் சொன்னேன். 2019 தீபாவளிக்கு வந்த படம். கதை முழுக்க ஒரே ராத்திரியில் நடக்கிறது, பாட்டு கிடையாது. ஒரு டிவியின் கறுப்பைச் சோதிக்கத் தமிழில் அதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது. தம்பி கடையின் வைஃபையில் பிடித்துப் போட்டான். 65 இன்ச் ஒன்றில் இருட்டு இருட்டாகவே இருந்தது, லாரி வெளிச்சம் அதைக் கிழித்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த 55 இன்ச்சில் அதே இரவு விடியப்போகிற நேரம் மாதிரி சாம்பலாகக் கிடந்தது. எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. மதினிக்கு ஆகவில்லை.

அவர் கைப்பையைத் திறந்து ஒரு மெரூன் துணித் துண்டை எடுத்தார். சாம்பிள் துண்டு இல்லாமல் அவர் பை இருக்காது. அதே துணியை அன்று காலை ஒரு வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். "தம்பி, இந்தப் போட்டோவ இந்த டிவியில போடு." போட்டான். துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையில் இருந்தது மெரூன் இல்லை, தக்காளிச் சிவப்பு. "போன்ல சரியா இருக்கு, நான் பார்த்துத்தான் அனுப்புனேன். உன் டிவியில வேற துணியா இருக்கு." அடுத்த டிவி. அதிலும் தக்காளி, இன்னும் கொஞ்சம் பழுத்தது.

"அக்கா, கலர் பளிச்சுன்னு இருக்குன்னுதான் எல்லாரும் வாங்குறாங்க."

"பளிச்சுன்னு இருந்தாப் போதுமா? கலர் மாறிப் போனா பண்டலே திரும்பி வந்துரும்ப்பா."

பிறகு அவர் செய்ததைத்தான் நான் பலரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். துண்டை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய் வெயிலில் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார். துணிக்கடைகளில் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிற அதே பழக்கம். டியூப் லைட்டை நம்பாத பழக்கம். திரும்பி வந்து, "இப்ப ஒவ்வொண்ணா மாத்து" என்றார். தம்பி ரிமோட்டில் படத்தின் வகையை மாற்றிக்கொண்டே போனான். விவிட், டைனமிக், ஸ்போர்ட்ஸ், ஸ்டாண்டர்ட். சினிமா என்ற வகைக்கு வந்ததும் படம் மங்கி, வெள்ளை கொஞ்சம் மஞ்சள் கலந்ததாக மாறியது. துண்டும் திரையும் ஒன்றானது. "இது மெரூன்" என்றார் மதினி.

சினிமாக்காரர்கள் படத்துக்கு நிறம் திருத்தும்போது வெள்ளை எது என்பதற்கு ஒரு பொது அளவு உண்டு: 6500 கெல்வின், பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமானது. கடையில் ஓடும் டிவிகள் அதைத் தாண்டி நீலத்துக்குப் போய் நிற்கின்றன. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டவன். மதினி ஒரு முழத் துண்டையும் வாசல் வெயிலையும் வைத்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்து அவர் தரையில் உட்கார்ந்தார். ஷோரூமின் பளபளத் தரையில், டிவிக்கு நேரே இல்லை, நன்றாக ஓரமாகத் தள்ளி. தம்பி பதறிப்போய் ஸ்டூல் கொண்டுவந்தான். "வேண்டாம்ப்பா, எங்க வீட்டுல தரைதான். மெஷின்ல இருக்கிற பிள்ளைகளும் சைடுலதான் இருக்கும்." அங்கிருந்து பார்த்தபோது என் 65 இன்ச்சில் முகங்கள் வெளுத்தன, அம்மாவின் சிவாஜி மாதிரியே. அந்த 55 இன்ச்சில் மெரூன் மெரூனாகவே நின்றது.

நான் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஓஎல்இடி பக்கம் இழுத்தேன். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அணைத்தால் முழுக் கறுப்பு, பக்கவாட்டிலும் நிறம் மாறாது. பழைய பிக்சர் டியூபின் நல்ல குணமெல்லாம் திரும்ப வந்த மாதிரி. ஆனால் விலை ஒரு பக்கம் இருக்க, காலை முதல் ராத்திரி வரை ஒரே சேனல் ஓடுகிற வீடு எங்களுடையது. மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் சின்னமும் அடியில் ஓடும் செய்திப் பட்டையும் அந்த வகைத் திரையில் நாளடைவில் தடமாகப் பதிந்துவிடக்கூடும். விலையைக் கேட்ட மதினி பதிலே சொல்லவில்லை.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. திரை நம் பார்வையில் 30 டிகிரியையாவது நிறைக்க வேண்டும் என்று வைத்தால், மூலைவிட்ட அளவை 1.6ஆல் பெருக்கிய தூரத்தில் உட்கார வேண்டும். 55 இன்ச்சுக்கு அது ஏழேகால் அடி. 65 இன்ச்சுக்கு எட்டேமுக்கால். எங்கள் முன்கட்டில் சோபா ஒன்பது அடியில் இருக்கிறது. "பாத்தீங்களா, 65தான்" என்றார் அண்ணன். சோபாவில் இரண்டு பேர் இருக்கிறார்கள், தரையில் ஐந்தடி, ஆறடி தூரத்தில் மற்ற எல்லாரும் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கணக்கு அறியாது. அதோடு பெரிய திரை எல்லாப் படத்துக்கும் பெரிய திரை இல்லை. 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அந்த அகலப் படங்களை இன்றைய டிவியில் போட்டால் மேலும் கீழுமாகத் திரையில் கால் பங்கு கறுப்புப் பட்டைக்குப் போகும். அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இடமும் வலமுமாக அதே கால் பங்கு போகும். அம்மா முதல் தடவை பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் எரியலையே, மாத்திக் கேளுங்க" என்றாள். அண்ணன் ரிமோட்டை அமுக்கி இழுத்து நிரப்பிக் காட்டினார். பத்மினி குண்டாகிப் போனதும், "வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்" என்றாள்.

கடைசியில் 55 இன்ச், ஐபிஎஸ். "நடுவுல உக்காந்து இருட்டுப் படம் பாக்கப் போறது நீங்க ஒருத்தர், கொழுந்தனாரே. அதுவும் தீபாவளி பொங்கலுக்கு வந்தாத்தான்" என்றார் மதினி. மறுக்க முடியவில்லை. 65க்கும் 55க்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்கினோம், குரலுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ளது. டிவிகள் மெலிய மெலிய ஸ்பீக்கர் அடிப்பக்கம் போய்விட்டது. தரையைப் பார்த்துப் பேசுகிற டிவியின் வசனம் ஆறு மெஷின் ஓடுகிற முன்கட்டில் யாருக்குக் கேட்கும்? கேட்கிறவர்கள் அதிகம் உள்ள வீட்டில் இது ஆடம்பரம் இல்லை. கடைக்காரர் கூடவே ஸ்டெபிலைசர் ஒன்றையும் தள்ளப் பார்த்தார். இப்போதைய டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்களே சமாளித்துக்கொள்ளும். மலையடிவாரத்து ஐப்பசி இடிக்குப் பயந்தால், மழை வரும்போது பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி. ஆன்டெனா வயரைப் பிடுங்கி வளர்ந்த ஊர், அது மறக்காது.

குட்டியானையில் டிவி வந்தது, படுக்கப் போடாமல் நிறுத்தி, இரண்டு பக்கமும் நைட்டிப் பண்டலை முட்டுக்கொடுத்து. மாட்ட வந்தவர் சுவரில் வழக்கமான உயரத்தில் பென்சிலால் கோடு போட்டார். அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அம்மாவைத் தரையில் உட்காரவைத்து, அவள் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே திரையின் நடு வருகிற மாதிரி இறக்கி மாட்டச் சொன்னார் மதினி. "இவ்ளோ கீழயா? யாரும் இப்படி மாட்டமாட்டாங்கக்கா" என்று முனகிக்கொண்டேதான் துளை போட்டார்.

கேபிளைச் சொருகியதும் அண்ணன் முகம் வாடியது. பழைய டிவியே தேவலை என்கிற மாதிரி படம். சாதாரண கேபிள் ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 720க்கு 576 புள்ளி. 4கே திரையில் 3840க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு. வருகிற ஒரு புள்ளியைக் கொண்டு டிவி இருபது புள்ளியை நிரப்பியாக வேண்டும், மிச்சத்தை ஊகம் செய்துதான் போடும். நாங்கள் பஞ்சாயத்து டிவியில் பந்தை ஊகித்த மாதிரி. இன்டர்நெட்டில் ஆப் வழியாக ஆட்டத்தைப் போட்டதும் புல் தனித்தனியாகத் தெரிந்தது, அண்ணன் சமாதானமானார். நான் மெனுவுக்குள் போய், அசைவை வழுவழுப்பாக்குகிற வசதியைத் தேடிப் பிடித்து அணைத்தேன். சினிமா நொடிக்கு 24 படம். டிவி நடுவில் தானாகப் படங்களைச் செய்து செருகினால் கார்த்தி நடித்த காட்சிகூட மெகா சீரியல் மாதிரி ஆகிவிடும். அட்டைப் பெட்டியில் பெரிதாக 200 என்று ஏதோ மோஷன் எண் போட்டிருந்தது. திரையின் உண்மையான வேகம் நொடிக்கு 60தான். அதை மட்டும் சின்ன எழுத்தில் உள்ளே அச்சடித்திருந்தார்கள்.

என் சாம்பல் இரவுக்கும் ஒரு கைவைத்தியம் செய்துகொண்டேன். டிவியின் பின்னால், சுவரைப் பார்த்து ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. சுற்றிலும் மெல்லிய வெளிச்சம் இருந்தால் கண்ணின் பாவை கொஞ்சம் சுருங்கி, திரையின் சாம்பல் கறுப்பாகத் தோன்றும். மெய்யாகவே வேலை செய்கிறது. 'கைதி'யை எல்லாரும் தூங்கிய பிறகு அப்படித்தான் பார்த்தேன். கடையில் பார்த்த 65 இன்ச் அளவுக்கு வரவில்லை. அதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

தீபாவளி முடிந்து சீசன் இறங்கியதும் டிவிக்கு உண்மையான வேலை வந்தது. பெண்கள் உலகக் கோப்பை. அக்டோபர் 30 அரையிறுதி அன்று நான் மதுரையில் இருந்தேன். ஆஸ்திரேலியா 338. முடிந்த கதை என்று நான் படுத்துவிட்டேன். ராத்திரி அண்ணன் மகள் போன் செய்து, "சித்தப்பா, ஜெமிமா, ஜெமிமா" என்று மட்டும் கத்தினாள். பின்னால் முன்கட்டே கத்திக்கொண்டிருந்தது. ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127. மறுநாள் மதினி போனில் சொன்னது: ஓவர்லாக் ஓட்டுகிற அக்காவுக்குக் கிரிக்கெட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் ஜெயித்துவிட்டு அழுததைப் பார்த்து இவரும் அழுதாராம்.

நவம்பர் 2, ஞாயிறு, இறுதி ஆட்டம். நான் ஊருக்குப் போயிருந்தேன். நவி மும்பையில் மழை. ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது. நான் குளித்துவிட்டு முன்கட்டுக்கு வருவதற்குள் சோபா, தரை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் நிறைந்துவிட்டது. தைக்க வருகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். நேர் எதிரே முன்வரிசை முழுக்கப் பெண் பிள்ளைகள். எனக்குக் கிடைத்தது ஓவர்லாக் பக்கம், அம்மாவுக்கு அருகே. ஷபாலி வர்மாவின் 87 முழுவதையும் அங்கிருந்துதான் பார்த்தேன். நீலச் சட்டை நீலமாகவே தெரிந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுதாய்யா, தள்ளி உக்காரவா?" என்று கேட்டாள்.

இந்தியா 298. தென்னாப்பிரிக்காவின் கேப்டன் வோல்வார்ட் சதம் அடித்து மிரட்டினார். தீப்தி சர்மா ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரு தொல்லை: ஆப் வழியாக வரும் ஆட்டம் கேபிளுக்குப் பின்னால்தான் ஓடும். பக்கத்து வீட்டில் கேபிள். அங்கே ஆரவாரம் எழும்பும்போது எங்கள் திரையில் பவுலர் அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். முதல் இரண்டு விக்கெட் வரை பிள்ளைகள் அதை ரசித்தார்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, "கத்தாதீங்க" என்று இவர்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

நள்ளிரவு நெருங்கியது. கடைசி விக்கெட். எங்கள் டிவியில் தீப்தி ஓடிவரத் தொடங்கவே இல்லை, தெருவில் தீபாவளிக்கு மிஞ்சிய சரவெடி கொளுத்தப்பட்டுவிட்டது. முன்கட்டில் ஒரு நொடி யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெயித்தாகிவிட்டது, ஆனால் இன்னும் பார்க்கவில்லை. பிறகு நிதானமாக எங்கள் திரையில் பந்து மேலே எழும்பியது, ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்தார், 52 ரன் வித்தியாசம். ஆரவாரம் எழுந்ததுதான், என்றாலும் அண்ணன் மகளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"அடுத்த தடவை கேபிள்லயே பாப்போம்மா. கிளியரா இல்லாட்டியும் பரவாயில்ல."

"அம்பத்தஞ்சு இன்ச் வாங்கி வச்சிட்டுக் கலங்கலாப் பாக்கணுமா?" என்றார் மதினி. பிறகு என்னிடம் திரும்பி, "கேபிள்ல எச்டி போட்டா முந்தியும் வருமா, தெளிவாவும் வருமா?"

வரும் என்றேன்.

"மாசம் எவ்வளவு கேப்பான்?" பில் புத்தகத்தை எங்கே வைத்தோம் என்று அவர் அப்போதே தேட ஆரம்பித்துவிட்டார்.